செயப்படுபொருளும் எழுவாயும்

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் பெருவீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியும் எல்லையாக அமைந்த எழுவான்கரை ஊர்களுள் களுதாவளையும் ஒன்று. பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைத் தோட்டங்களாலும் பெயர் பெற்ற ஊர் அது. மணற்பாங்கான நிலத்திலே கிணற்று நீர் இறைத்து, கொடியைப் பேணி, இலையைப் பறித்து, எண்ணி அடுக்கிச் சந்தைக்கு அனுப்பும் தொழில் அங்கே நெடுநாளாக நடந்து வருகின்றது. எண்ணும் கணக்கும் அத்தொழிலோடு உடன்பிறந்தவை. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை இலை வந்தது, எவ்வளவு பணம் கொடுபட்டது, இன்னும் எவ்வளவு நிலுவை என்பன பிழையின்றிக் குறிக்கப்படாவிடின், ஒருவர் உழைப்பின் பயன் மற்றொருவர் கைக்குப் போய்விடும்.

இத்தகைய ஊரிலிருந்து பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மாணவியொருத்தியை எண்ணிக்கொள்க. அவள் செல்லும் இடம் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமாக இருக்கலாம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிலையம் அது. வேறொரு பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம். எங்கே சென்றாலும், கணினி அறிவியல் பயில்வோரைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. ‘பொருள்நோக்குச் செய்நிரலாக்கம்’ என்பது அதன் பெயர். அதுவரை நன்றாகப் படித்து வந்த மாணவர் பலர் தடுமாறும் இடமும் அதுவே. நான்கு கலைச்சொற்களுக்கு வரைவிலக்கணம் எழுதித் தேர்விற் புள்ளி பெறுவர். ஆயினும், ‘இந்தக் கணக்குக்கு ஒரு செய்நிரல் எழுதுக’ என்றால் எங்கே தொடங்குவதென்று அறியார். இத்தடுமாற்றத்தின் காரணம் யாது? அதனைத் தீர்க்கும் வழி யாது? இவ்விரண்டும் ஆராயத்தக்கன.

செய்நிரல் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் வரிசை. இதனை எடுத்துக்கொள், அதனோடு கூட்டு, விடையைக் காட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்வது தொடக்கப் பயிற்சி. இந்த அளவில் மாணவிக்குத் துன்பம் இல்லை. சமையற் குறிப்பை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்க்கு இதுவும் தெரியும். இனி, வெற்றிலைக் கணக்கை எழுதும் ஒரு செய்நிரலை அவள் அமைக்கப் புகுகின்றாள் என்க. தோட்டங்கள் மூன்று. அவற்றிற்கு வடக்குத் தோட்டம், கிணற்றடித் தோட்டம், கோயிலடித் தோட்டம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அன்று வந்த இலைகள் முறையே 1,200, 800, 1,500. இலை ஒன்றுக்கு 2 ரூபா என்று உதாரணமாகக் கொள்க.

அவள் இரண்டு பட்டியல் எழுதுகின்றாள். முதற் பட்டியலில் தோட்டங்களின் பெயர்கள். இரண்டாவதில் இலைகளின் எண்ணிக்கை. முதற் பட்டியலின் முதலாவது பெயருக்கு இரண்டாம் பட்டியலின் முதலாவது எண் உரியது என்பது அவள் மனத்தில் உள்ள ஏற்பாடு. இந்த ஏற்பாடு கணினிக்குத் தெரியாது. பின்னர் ஒருநாள், மிகுதியாக இலை தந்த தோட்டம் முதலில் வருமாறு அடுக்கவேண்டும் என்று கருதி, எண்களின் பட்டியலை இறங்கு வரிசைப்படுத்துகின்றாள். எண்கள் 1,500, 1,200, 800 என்று இடம் மாறுகின்றன. பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இப்போது வடக்குத் தோட்டத்திற்கு 1,500 இலைக்கான 3,000 ரூபாவும், கிணற்றடித் தோட்டத்திற்கு 1,200 இலைக்கான 2,400 ரூபாவும், கோயிலடித் தோட்டத்திற்கு 800 இலைக்கான 1,600 ரூபாவும் கொடுபடும். உண்மையில் 3,000 ரூபா பெறவேண்டிய கோயிலடித் தோட்டத்தார் 1,400 ரூபா இழந்தனர்.

இதில் அஞ்சத்தக்கது யாதெனில், கணினி ஒரு பிழையும் காட்டமாட்டாது. கொடுத்த பணத்தின் கூட்டுத்தொகை முன்னரும் 7,000, பின்னரும் 7,000. மாலையில் மொத்தத்தைச் சரிபார்ப்பவர் கணக்குச் சரியென்றே கருதுவார். மொத்தம் பொய்யாகவில்லை, உரியவர்தாம் மாறிப்போயினர். ஒன்றற்குரிய செய்திகளைப் பல இடங்களிற் சிதறவிட்டதன் விளைவு இது. தோட்டங்கள் முந்நூறாகவும், ஒவ்வொன்றற்கும் பத்து வகைச் செய்திகளாகவும் பெருகினால், எந்த நினைவாற்றலாலும் அவ்வேற்பாட்டைக் காக்க இயலாது.

இச்சிக்கலை ஒருமுறை பட்டறிந்த மாணவிக்குப் ‘பொருள்’ என்பதன் தேவை தானே விளங்கும். ஒரு தோட்டத்தின் பெயரும், அதன் இலைக் கணக்கும், அதன் நிலுவையும் ஒன்றாகவே இருக்கவேண்டும். ஒன்றை நகர்த்தினால் அனைத்தும் உடன் நகரவேண்டும். அவ்வாறு ஒன்றாகக் கட்டப்பட்டதையே கணினியாளர் பொருள் என்பர். ஆனால் செய்திகளைக் கட்டிவைப்பது பாதியே. அச்செய்திகளின்மீது நிகழவேண்டிய செயல்களும் அப்பொருளோடு சேர்ந்திருத்தல் மற்றைப் பாதி. இலையை வரவு வைத்தல், பணம் கொடுத்ததைக் குறித்தல், மிகுதியைச் சொல்லுதல் ஆகிய மூன்றும் தோட்டக் கணக்கின் செயல்கள். அவை வேறெங்கோ தனித்து நிற்பவை அல்ல. கணக்கு என்னும் பொருளே செய்பவை.

இவ்விடத்திற் பள்ளியிலே படித்த தமிழ் இலக்கணம் பெரிதும் உதவும். ‘மாணவி கணக்கை எழுதினாள்’ என்னும் வாக்கியத்தில் மாணவி எழுவாய், எழுதினாள் என்பது பயனிலை, கணக்கு செயப்படுபொருள். செயப்படுபொருள் தானாக ஒன்றும் செய்யாது; பிறர் செயலுக்கு இடமாகும். பழைய முறைச் செய்நிரலிற் கணக்கின் நிலை இதுவே. ‘கூட்டு’ என்னும் வினைப்பெயர் முன்னே நிற்கும். கணக்கு அதன் பின்னே அடைப்புக்குறிக்குள் கிடக்கும். பொருள்நோக்கு முறையிலோ கணக்கின் பெயர் முன்னே வரும். அதன்பின் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னரே வினை. ‘கோயிலடிக் கணக்கே, இருநூறு இலையைச் சேர்த்துக்கொள்’ என்று பெயர் சொல்லி அழைத்து ஏவுவதற்கு ஒப்பானது இது. அழைக்கும்போது அது விளி. சேர்க்கும்போது அதுவே எழுவாய். ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் ‘பொருள்’ என்று மொழிபெயர்த்ததும் மாணவர் உள்ளத்திற் செயப்படுபொருளே தோன்றுகின்றது. தடுமாற்றம் தொடங்கும் இடம் இது. கணினியின் பொருள் செயப்படுபொருள் அன்று, எழுவாய். இந்த ஒன்றை உணர்ந்தார்க்குப் பின்வருவன யாவும் எளியவாகும்.

இக்கருத்து எவ்வாறு பிறந்தது என்பதை அறிதலும் பயனுடைத்து. 1960களில் நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில், நோர்வே கணிப்பு நிலையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் பணியாற்றினர். உலகிலே நிகழ்வனவற்றைக் கணினிக்குள் ஒத்திகை பார்ப்பது அவர்தம் நோக்கம். இதனைப் பாவனையாக்கம் என்பர். மண்முனைத் துறையில் 2014இற் பாலம் திறக்கப்படும் வரை, எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே மக்களும் வாகனங்களும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறியே வாவியைக் கடந்தனர். அங்கே வாகனங்கள் எவ்வளவு நேரம் காத்து நிற்கும், மிதவை இரண்டானால் வரிசை எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே அறிய விரும்பினால், கணினிக்குள் ஒவ்வொரு வாகனமும் வந்து, காத்து, ஏறி, இறங்கிச் செல்லவேண்டும். ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் தன் இடத்தையும் தானே அறிந்திருக்கவேண்டும். ஏறத்தாழ இத்தகைய ஒன்றையே அவ்விருவரும் சிந்தித்தனர். பாலமொன்றின் சுங்கச்சாவடியில் வரிசையாக நிற்கும் லொறிகளும் பஸ்களும் அவர்கள் ஆராய்ந்த உதாரணங்களுள் ஒன்று. அதன் பயனாக 1967இல் உருவான மொழியே சிமுலா 67. வகுப்பு, பொருள், மரபுரிமை ஆகிய மூன்றும் அம்மொழியிலேயே முதன்முதல் ஒருங்கே அமைந்தன. 2001ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது அவ்விருவர்க்கும் வழங்கப்பட்டது. மறு ஆண்டிலேயே இருவரும் மறைந்தனர்.

பின்னர் அமெரிக்காவில் அலன் கேயும் அவர்தம் குழுவினரும் 1970களில் ஸ்மால்டோக் என்னும் மொழியை ஆக்கினர். பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி உரையாடுவதே இதன் உயிர் என்பது கேயின் கொள்கை. பியானே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இற் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய முயற்சி சி பிளஸ் பிளஸ் ஆயிற்று. 1991இல் பைதனும் 1995இல் ஜாவாவும் வெளிவந்தன. இன்று கல்லூரிகளில் மாணவர் பயிலும் மொழிகள் பெரும்பாலும் இவையே. மொழி எதுவாயினும் அடிப்படை அந்தச் சுங்கச்சாவடி வரிசைதான்.

வகுப்புக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை இனிக் காணலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கிழக்குக் கரையோரத்தில் ஒரே வரைபடத்தைக் கொண்டு பல வீடுகள் கட்டப்பட்டன. வரைபடம் ஒன்று, வீடுகள் பல. வரைபடத்தில் எவரும் குடியிருக்க இயலாது, வீட்டிலேதான் குடியிருக்கலாம். அமைப்பில் ஒத்திருந்தாலும் ஒரு வீட்டில் விளக்கேற்றினால் மற்றொரு வீடு ஒளி பெறாது. வரைபடமே வகுப்பு, வீடுகளே பொருள்கள். ‘தோட்டக் கணக்கு’ என்பது வகுப்பு. வடக்கு, கிணற்றடி, கோயிலடி என்னும் மூன்றும் அவ்வகுப்பின் பொருள்கள்.

இங்கே ஒரு வினா எழும். வரைபடம் ஒன்றாயின், அதில் எழுதப்பட்ட ‘நிலுவையைக் கூட்டு’ என்னும் கட்டளை யாருடைய நிலுவையைக் குறிக்கும்? இதற்காகவே பைதனில் ‘செல்ஃப்’ என்றும் ஜாவாவில் ‘திஸ்’ என்றும் ஒரு சொல் வழங்குகின்றது. தொடக்க மாணவரை மிகவும் மருட்டும் சொல் இது. உண்மையில் இது தமிழின் ‘நான்’ என்னும் சொல்லைப் போன்றது. சொல் ஒன்றே, யார் வாயில் வருகின்றதோ அவரையே அது குறிக்கும். கோயிலடிக் கணக்கை ஏவியபோது ‘என் நிலுவை’ என்பது கோயிலடியின் நிலுவை. வடக்குக் கணக்கை ஏவியபோது அதே தொடர் வடக்கின் நிலுவை. எழுவாய் மாறினால் தன்மைச் சொல்லின் பொருளும் மாறும். குழந்தையும் அறிந்த உண்மை இது.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஜாவா, பைதன் ஆகியவற்றில், ஒரு பொருளுக்கு இரண்டாவது பெயர் சூட்டினால் இரண்டாவது பொருள் உண்டாவதில்லை. ஊரிலே ஒருவரை மகள் அப்பா என்பாள்; மருமகன் மாமா என்பான்; தம்பியின் பிள்ளைகள் பெரியப்பா என்பர். பெயர் மூன்றாயினும் ஆள் ஒருவரே. மாமாவுக்குக் காய்ச்சல் என்றால் பெரியப்பாவும் படுக்கையில் இருப்பார். கோயிலடிக் கணக்குக்குச் ‘சோதனைக் கணக்கு’ என்று மற்றொரு பெயர் வைத்து, அதில் ஆயிரம் இலையைச் சேர்த்துப் பார்க்கும் மாணவி, உண்மைக் கணக்கிலும் ஆயிரம் இலை ஏறியிருப்பதைக் கண்டு திகைப்பாள். உறவுப் பெயர்களை நினைந்தால் அத்திகைப்பு நீங்கும்.

இனித் தேர்வுகளில் இடம்பெறும் அந்த நான்கு கலைச்சொற்களையும் நோக்குதல் தகும். அவை உறைபொதிவு, அருவமாக்கம், மரபுரிமை, பல்லுருவம் என்பன.

உறைபொதிவு என்பது பொருளின் உள்ளேயுள்ள செய்திகளை வெளியார் நேரே தொடாமற் காத்தல். நிலுவையைச் செய்நிரலின் எந்த வரியும் தன் விருப்பப்படி மாற்றலாம் என்றிருந்தால், பிழை நேர்ந்தபோது ஆயிரம் வரிகளையும் துருவித் தேடவேண்டும். வரவு வைத்தல், பணம் கொடுத்தல் ஆகிய இரு செயல்களின் வழியாக மட்டுமே மாற்றலாம் என்று விதித்துவிட்டால், தேடவேண்டிய இடம் இரண்டே. அவ்விரு வாயில்களிலும் காவலும் வைக்கலாம். நிலுவைக்கு மேற்பட்ட தொகையைக் கொடுக்கச் சொன்னாற் கணக்கு மறுக்கும். இலையின் எண்ணிக்கை சுழியத்திற்குக் குறைவாக வந்தால் ஏற்காது. ஜாவாவில் இக்காவல் அடைத்த வேலி போன்றது. மீற முயன்றால் மொழியே தடுக்கும். பைதனில் அது வயல் வரப்புப் போன்றது. பெயரின் முன்னே இடப்படும் அடிக்கோடு, ‘இது உட்செய்தி, தொடாதே’ என்று அறிவிக்கும். கடக்க முயல்வோரைத் தடுக்காது. நல்லோர் வரப்பையும் மதிப்பர்.

அருவமாக்கம் என்பது, வெளியே நிற்பவர்க்கு வேண்டியதை மட்டும் காட்டி, செய்யும் விதத்தை உள்ளே வைத்தல். ‘மிகுதி எவ்வளவு?’ என்று கேட்பவர்க்கு விடை வேண்டும். அது எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது வேண்டுவதில்லை. நாளை விலை கணிக்கும் முறை மாறினாலும் கேட்பவர் கேள்வியை மாற்றவேண்டியதில்லை.

மரபுரிமையிலே கவனம் மிகுதியும் தேவை. வெற்றிலை எண்ணி விற்கப்படுகின்றது. மிளகாய் நிறுத்து விற்கப்படுகின்றது. இரண்டிற்கும் தோட்டத்தின் பெயர், நாள், நிலுவை என்பன பொது. அப்பொதுவானவற்றை ‘விளைபொருட் கணக்கு’ என்னும் வகுப்பில் ஒருமுறை எழுதிவிட்டால், வெற்றிலைக் கணக்கும் மிளகாய்க் கணக்கும் அவற்றை மரபாகப் பெற்றுத் தத்தம் சிறப்பியல்புகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும். தமிழர்க்கு இந்நெறி புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கின்றது. தொடுவுணர்வு மட்டும் உடையது ஓரறிவுயிர். அதனோடு சுவையும் சேர்ந்தது ஈரறிவுயிர். பின்னர் மூக்கும் கண்ணும் செவியும் மனமும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. முன்னதன் இயல்பு முழுவதையும் பெற்று, ஒன்று கூட்டிக்கொள்ளுதல் என்னும் அமைப்பே கணினி வகுப்புகளின் மரபுரிமையுமாகும்.

ஆயினும் மரபுரிமை என்னும் சொல் ஒரு மயக்கம் தரும். தாய் வகுப்பைச் சார்ந்த ஒரு கணக்கில் 500 ரூபா நிலுவையிருந்தால், சேய் வகுப்பைச் சார்ந்த கணக்குக்கு அத்தொகை வந்து சேரும் என்று எண்ணும் மாணவர் உளர். அது தவறு. இறங்குவது அமைப்பேயன்றிச் செல்வம் அன்று. மட்டக்களப்புப் பகுதியிற் குடி என்பது தாய்வழியாக வருவது. சீதனமாக வீடு மகளுக்குக் கைமாறும்போது அது தாயின் உடைமையாதல் நீங்குகின்றது. குடிப்பெயரோ அவ்வாறன்று, மகளுக்கு இறங்கிய பின்னும் தாயிடத்தும் இருக்கின்றது. கணினியின் மரபுரிமை சீதன வீடு கைமாறுவது போன்றதன்று. குடிப்பெயர் இறங்குவது போன்றது. குடி தாய் ஒருத்தி வழியாகவே வருவது போல, ஜாவாவில் ஒரு வகுப்புக்குத் தாய் வகுப்பு ஒன்றே. சி பிளஸ் பிளஸ், பைதன் ஆகியவை ஒன்றுக்கு மேற்பட்ட தாய் வகுப்புகளை ஏற்கும்.

எதனை எதற்கு மரபுரிமையாக்கலாம் என்பதற்கும் தமிழின் இரு சொற்கள் அளவுகோலாகும். ‘வெற்றிலைக் கணக்கு ஒரு விளைபொருட் கணக்கு ஆகும்’ என்று ‘ஆகும்’ பொருந்தினால் மரபுரிமை தகும். ‘தோட்டத்திற்குக் கிணறு உண்டு’ என்று ‘உண்டு’ பொருந்தினால் மரபுரிமை தகாது; கிணறு ஒருவகைத் தோட்டம் அன்று. அங்கே ஒரு பொருள் மற்றொன்றைத் தன்னகத்தே கொள்ளுதலே முறை. பார்பரா லிஸ்கொவ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1987இல் இதனினும் நுண்ணிய விதியொன்றைக் கூறினார். தாய் வகுப்பின் பொருளை எதிர்பார்க்கும் இடத்திலெல்லாம் சேய் வகுப்பின் பொருளை வைத்தாலும் செய்நிரல் பிறழக்கூடாது என்பது அதன் கருத்து. 2008ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கு உரியதாயிற்று.

இவ்விதி காக்கப்படின் பல்லுருவம் தானே கைகூடும். ‘உன் விலை எவ்வளவு?’ என்று ஒரே கேள்வியை எல்லாக் கணக்குகளிடமும் கேட்கலாம். வெற்றிலைக் கணக்கு எண்ணிச் சொல்லும். மிளகாய்க் கணக்கு நிறைபார்த்துச் சொல்லும். கேட்பவர் வேறுபாடு அறியவேண்டியதில்லை. நாளைக்குக் கத்தரிக்காயும் சந்தைக்கு வந்தால், அதற்கொரு வகுப்பைப் புதிதாக எழுதினாற் போதும். பழைய வரிகளைத் தொடவேண்டியதில்லை. முன்னைய முறையில், ‘வெற்றிலையாயின் இவ்வாறு, மிளகாயாயின் அவ்வாறு’ என்னும் வரிகள் செய்நிரலின் பத்து இடங்களிற் பரந்திருக்கும்; ஒன்றைத் திருத்த மறந்தாலும் ஒரு தோட்டத்தாருக்கு நட்டம்.

இப்பாடத்தை எப்போது கற்பிப்பது என்பது குறித்து உலகெங்கும் கருத்து வேறுபாடு உண்டு. தொடக்கநாள் முதலே பொருள்களைக் காட்டவேண்டும் என்பார் ஒருசாரார். 1999இல் வெளிவந்த புளூஜே என்னும் கருவி அவர்க்குத் துணையாயிற்று. மைக்கேல் கோலிங், ஜோன் ரோசன்பேர்க் ஆகியோர் பணியால் உருவான அது, வகுப்புகளையும் பொருள்களையும் திரையிலே பெட்டிகளாகக் காட்டி, அவற்றைத் தொட்டு ஏவ இடந்தருகின்றது. கட்டளை வரிசையும் சுழற்சியும் முதலிற் கைவரவேண்டும், பொருள்கள் பின்னர் வரலாம் என்பார் மற்றொரு சாரார். 2001இல் அமெரிக்காவின் இரு பெரும் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட பாடத்திட்ட அறிக்கை இரு நெறிகளையும் ஏற்கத்தக்கவையாகவே வகுத்துரைத்தது. 2011இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தன் தொடக்கப் பாடங்களிலிருந்து பொருள்நோக்கு முறையை நீக்கிப் பின்னைய பாடங்களுக்குத் தள்ளியது. அறிஞரே ஒருமுகப்படாத இடத்தில், தடுமாறும் மாணவர் தம் அறிவைக் குறைவாக எண்ணி வருந்த வேண்டுவதில்லை. நோய் அறியாதவனுக்கு மருந்தின் அருமை தெரியாது. இரு பட்டியல்கள் நிலைமாறி ஒருவர் பணம் மற்றொருவர்க்குப் போன துன்பத்தை ஒருமுறை கண்டவரே பொருளின் பயனை உணர்வர். ஆகவே, எந்த வரிசையிற் கற்பித்தாலும், தேவை முன்னும் கலைச்சொல் பின்னுமாக வருதல் நன்று.

மனப்பாடத்திற்கு மாற்றாக எளிய பயிற்சியொன்றும் உண்டு. 1989இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்னும் இருவர் அதனை எடுத்துரைத்தனர். அதற்குக் கணினியே வேண்டியதில்லை. சிறு அட்டைகள் போதும். ஓர் அட்டைக்கு ஒரு வகுப்பு. மேலே அதன் பெயர். இடப்புறத்தில் அதன் பொறுப்புகள். வலப்புறத்தில் அது உதவி நாடும் மற்றைய வகுப்புகள். மாணவர் சிலர் கூடி, ஆளுக்கொரு அட்டையை எடுத்து, ‘இலை வந்தது, யார் குறிப்பது? விலை மாறியது, யார் அறிவது?’ என்று ஒருவரையொருவர் கேட்டு நடித்துப் பார்ப்பர். ஓர் அட்டையிலே பொறுப்புகள் நிரம்பி வழிந்தால், அவ்வகுப்பு பிறர் வேலையையும் தானே சுமக்கின்றது என்பது வெளிப்படும். வீட்டிற் கணினி இல்லாத மாணவரும் திண்ணையில் இருந்தே இதனைச் செய்யலாம்.

கூத்து வளர்ந்த மட்டக்களப்பு மண்ணுக்கு இப்பயிற்சி அயலானதன்று. வடமோடியாயினும் தென்மோடியாயினும், கூத்தை நடத்துபவர் அண்ணாவியாரே. ஆயினும் அருச்சுனனின் வரவை அருச்சுனன்தான் ஆடவேண்டும். துரியோதனனின் வீறு துரியோதனனிடமே வெளிப்படவேண்டும். அண்ணாவியார் ஒருவரே எல்லார் பாட்டையும் பாடி, எல்லார் ஆட்டத்தையும் ஆடி முடித்தால் அது கூத்தாகாது. தொடக்க மாணவர் எழுதும் செய்நிரல் பெரும்பாலும் இவ்வாறே அமைகின்றது. வகுப்புகள் பெயருக்கு நிற்கும். முதன்மைப் பகுதி ஒன்றே எல்லா வேலையையும் செய்யும். எழுவாயாக வேண்டியவை மீண்டும் செயப்படுபொருளாகிவிடுகின்றன. ‘இச்செய்தியை அறிந்தவர் யார்? அறிந்தவரே செய்யட்டும்’ என்னும் வினாவும் விடையும் அதற்கு மருந்து.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழிற் படித்த மாணவி, பல்கலைக்கழகத்திலே ஆங்கிலத்திற் பயிலும் நிலையை அடைகின்றாள். வகுப்பு ‘கிளாஸ்’ ஆகின்றது. பொருள் ‘ஒப்ஜெக்ட்’ ஆகின்றது. ஒலிகள் புதியவாதலால் கருத்தும் புதிதென்று மயங்கி, வரைவிலக்கணங்களை நெட்டுருச் செய்யத் தொடங்குகின்றாள். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் முன்னின்று உழைத்தார். கருத்து முதலில் தாய்மொழியில் வேரூன்றினால், பிறமொழிச் சொல் அதன்மேல் ஏறி நிற்றல் எளிது. ‘கணக்கே, சேர்த்துக்கொள்’ என்று தமிழில் எண்ணிப் பார்த்தவளுக்கு அதனை ஜாவாவில் எழுதுவது எழுத்து வேறுபாடு மட்டுமே.

அம்மாணவி தன் செய்நிரலை மீண்டும் எழுதுகின்றாள் என்க. இம்முறை பட்டியல் ஒன்றே. அதில் இருப்பவை மூன்று கணக்குகள். மிகுதியாக இலை தந்தது முதலில் வருமாறு அடுக்குகின்றாள். கோயிலடித் தோட்டம் தன் 1,500 இலையோடும் 3,000 ரூபாவோடும் மேலே செல்கின்றது. வடக்கும் கிணற்றடியும் தத்தம் கணக்கோடு பின்னே வருகின்றன. மொத்தம் இப்போதும் 7,000 ரூபாதான். ஆனால் ஒவ்வொரு ரூபாவும் இம்முறை உரியவர் கையைச் சேர்கின்றது.